வசூலும் தரமும்: ஜேம்ஸ் பொண்ட் படங்களில் மூன்று திருப்பங்கள்

வெகுசனக் கலைகள் பற்றிய விவாதங்களில் இரண்டு எளிய முடிபுகள் அடிக்கடி தலைகாட்டுவதுண்டு. மக்கள் திரண்டு பார்த்ததொன்று நல்லதாகவே இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. மக்கள் திரண்டு பார்த்தமையாலேயே அது மலிவானதாக இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது பட வியாபாரிகளுக்கு உவப்பானது. பின்னது, பெரும்பாலும், பல்கலைக்கழக வளாகங்களுக்கு உவப்பானது. படத்தைப் பாராமலே தீர்ப்புக் கூறும் வசதியை இரண்டும் தருகின்றன. சீட்டு விற்பனைக் கணக்கொன்று கைக்குக் கிடைத்தாற் போதும்; முன்னவர் அதைக் கண்டு மகிழ்வார், பின்னவர் அதைக் கண்டு முகஞ்சுளிப்பார்.

இவ்விரு முடிபுகளையும் உரைத்துப் பார்ப்பதற்கு ஜேம்ஸ் பொண்ட் படவரிசை வாய்ப்பானதொரு களமாகும். 1962ஆம் ஆண்டு முதல் 2021ஆம் ஆண்டு வரை இயோன் நிறுவனம் இருபத்தைந்து பொண்ட் படங்களைத் தயாரித்தது. கதாநாயகன் ஒருவனே, அவனை ஏற்று நடித்தோர் அறுவர். கதைச் சட்டகமும் பெரிதும் மாறவில்லை. மேலதிகாரியின் ஆணை, அயல்நாட்டுப் பயணம், பேராசை கொண்ட வில்லன், அவனது கோட்டை, அதன் அழிவு. இவ்வளவும் மாறாது நிற்கையில், படங்களின் தரமும் வசூலும் ஒன்றோடொன்று இயைந்து ஏறி இறங்குகின்றனவா என்பதை அறுபதாண்டு நீளத்தில் வைத்து நோக்க முடிகின்றது. அவ்வாறு நோக்கும்போது ஒரு விடயம் துலக்கமாகத் தெரிகின்றது. பிரமாண்டம் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்த வேளையிலேயே இப்படவரிசை மூன்று முறை அதனைக் கைவிட்டு, கதாநாயகனை மனிதனாக்கும் வழிக்குத் திரும்பியது: 1969இல், 1981இல், 2006இல். மூன்றும் ஏறத்தாழ ஒரே திருப்பமே. அவற்றுக்குக் கிடைத்த வரவேற்போ மூன்று விதமானது.

தரம் என்னும் சொல் இங்கு எப்பொருளில் வழங்கப்படுகின்றது என்பதையும் கூறிவிடல் வேண்டும். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் ஒற்றனுக்கு வகுக்கும் இலக்கணங்களுள் ஒன்று, எவரும் ஐயுறாத தோற்றம். பொண்டோ சூதாட்ட மேசையில் அமர்ந்து தன் பெயரை இரு தடவை மொழிபவன். பகைவர் அனைவரும் அவனை முன்னரே அறிவர். எனவே உண்மையான ஒற்றாடலை இப்படங்களிலே தேடுவது வீண். நம்பத்தகாத உலகொன்றைப் படைக்கும் உரிமை எந்தக் கலைஞனுக்கும் உண்டு. கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. அந்த உலகினுள் ஆபத்து ஆபத்தாக உணரப்படுகின்றதா? ஓர் உயிர் போகும்போது படம் அதனைப் பொருட்படுத்துகின்றதா? கதாநாயகன் எதையேனும் இழக்கக்கூடியவனா? இவற்றுக்கு ஆம் என விடை தரும் படம், அதில் எத்தனை வேடிக்கைக் கருவிகள் இருப்பினும், தரமான படமாக அமைய இடமுண்டு.

பொண்ட் பிறந்த சூழல் ஒரு பேரரசின் மாலைப்பொழுதாகும். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை உளவுத்துறையிற் பணியாற்றிய இயன் பிளெமிங், யமேக்காவில் இருந்த தமது 'கோல்டன்ஐ' இல்லத்தில் இருந்துகொண்டு இக்கதைகளை எழுதினார். முதல் நாவலான 'கசினோ றோயல்' 1953இல் வெளிவந்தது. மூன்றாண்டுகளின்பின் சுயெஸ் நெருக்கடியில் பிரித்தானியா அவமானப்பட்டது; அதன்பின் பிரதமர் அந்தனி ஈடன் ஓய்வு நாடிச் சென்றது பிளெமிங்கின் அதே இல்லத்துக்கு என்பது வரலாற்றின் குறும்பு. முதற்படமான 'டொக்டர் நோ' பெரிதும் யமேக்காவிலேயே படமாக்கப்பட்டது. அது 1962 ஒக்டோபரில் இலண்டனில் திரையிடப்பட்டபோது யமேக்கா சுதந்திரமடைந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. மெய்யுலகிற் கைநழுவிய செல்வாக்கைத் திரையில் ஒரு தனிமனிதன் மீட்டுத் தந்தான். இக்கனவு பிரித்தானியருக்கு மட்டும் இனித்திருப்பின் இப்படங்கள் உலகை வளைத்திருக்கமாட்டா. ஹரி சோல்ட்ஸ்மனும் அல்பேட் புறொக்கொலியும் இதனை நன்கறிந்திருந்தனர். பிளெமிங்கின் நாவலில் சோவியத் உளவுப்பிரிவாக இருந்த எதிரியை, 'ஃபுறொம் றஷ்யா வித் லவ்' படத்திலே நாடற்ற குற்றவாளிக் கூட்டமான 'ஸ்பெக்டர்' ஆக மாற்றினர். எந்த நாட்டுப் பார்வையாளனும் மனம் நோகாமற் பார்க்கக்கூடிய பகைவன் அவன். சனரஞ்சகம் இங்கு தற்செயலாக வாய்த்ததன்று, திட்டமிட்டு அமைக்கப்பட்டது.

ஆயினும் தொடக்க ஆண்டுகளிலே தரமும் வசூலும் கைகோத்தே சென்றன என்பதை மறுத்தல் நேர்மையாகாது. பத்து இலட்சம் டொலர் அளவான செலவில் எடுக்கப்பட்ட 'டொக்டர் நோ' உலகளவில் 6 கோடி டொலர் வரை ஈட்டியது. 'ஃபுறொம் றஷ்யா வித் லவ்' (1963) படத்திலே புகைவண்டிப் பெட்டியொன்றினுள் ஷோன் கொனறியும் றொபேட் ஷோவும் பொருதும் காட்சி இன்றும் பேசப்படுவது. இருவர் நிற்கவே இடம்போதாத அறை, உடைந்த விளக்கு, மூச்சிரைப்பு. யார் சாவார் என்பது அந்தச் சில நிமிடங்களுக்கு உண்மையாகவே தெரியாது. அக்காட்சியைத் தொகுத்தவர் பீற்றர் ஹண்ட். இப்பெயர் மீண்டும் வரும். 'கோல்ட்பிங்கர்' (1964) 12 கோடியைத் தாண்டியது. கை ஹமில்டனின் நெறியாள்கையில் நகைச்சுவையும் அச்சமும் அளவோடு கலந்து நிற்கும் அப்படத்தைச் சனரஞ்சகம் என்பதற்காக ஒதுக்குவது விமர்சனமாகாது. வெறும் கௌரவப் பிரச்சினையாகும். வைக்கோற் கொட்டகையில் பெண்ணொருத்தியின் மறுப்பைப் பலவந்தத்தால் வெல்வதைக் காதலாகக் காட்டும் காட்சி அப்படத்தின் மாசு. அம்மாசை அக்கால இரசிகர்களும் விமர்சகர்களும் பெரும்பாலும் ஒருங்கே பொறுத்துக்கொண்டனர்.

அடுத்த ஆண்டில் வந்த 'தண்டர்போல்' 14 கோடி ஈட்டியது. அது கோல்ட்பிங்கரினும் சிறந்த படமா? கடலடியில் நிகழும் போர் முடிவின்றி நீள்கின்றது. முகமூடி அணிந்தவருள் நண்பர் யார், பகைவர் யார் என்பதே விளங்குவதில்லை. ஆனால் சீட்டு வாங்க வரிசையில் நின்றவன் இதனை எவ்வாறு அறிவான்? அவன் வாங்கியது கோல்ட்பிங்கர் அளித்த இன்பத்தின் நினைவை. ஒரு படத்தின் வசூல் பெரும்பாலும் அதற்கு முந்திய படத்தைப் பற்றிய தீர்ப்பு என்னும் உண்மை இங்கு முதன்முதலாகத் தலைகாட்டுகின்றது. இதனை ஒரு விதியாக்கிவிடவும் முடியாது. 1974இல் வந்த 'த மான் வித் த கோல்டன் கன்', முந்திய ஆண்டின் பெருவெற்றிக்குப் பின் வந்தும் சரிந்தது, தரமும் அற்றிருந்தது. தோல்வியுற்றதெல்லாம் புரிந்துகொள்ளப்படாத காவியம் என்று கொள்வோருக்கு அப்படம் நல்ல மருந்து.

அதே 1965இல் ஹரி சோல்ட்ஸ்மன் மற்றுமோர் ஒற்றர் படத்தையும் தயாரித்தார். மைக்கல் கேன் நடித்த 'த இப்க்ரெஸ் ஃபைல்' அது. அதன் கலை அமைப்பு கென் அடம், இசை ஜோன் பரி, படத்தொகுப்பு பீற்றர் ஹண்ட். மூவருமே பொண்ட் படங்களின் தூண்கள். ஆனால் அப்படத்து ஒற்றன் மூக்குக்கண்ணாடி அணிந்தவன். தானே சமைத்து உண்பவன். படிவங்களை நிரப்பி மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்பவன். ஆக, தரம் குறைந்த பொண்ட் படங்களைப் பார்த்து, அவற்றை எடுத்தோருக்குத் திறமை போதாது என முடிவுகட்டுதல் தவறு. திறமை இருந்தது. அதை எந்த வழியிற் செலுத்துவது என்பதே வினாவாக இருந்தது.

அறுபதுகளின் நடுப்பகுதியில் எங்கும் ஒற்றர் படங்களே. அமெரிக்காவில் 'ஃபிளின்ட்', 'மட் ஹெல்ம்' முதலிய பகடிகள். தமிழிலும் மோடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1966இல் ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்' எடுத்தது. போட்டி பெருகப் பெருகப் பொண்ட் படங்கள் கருவிகளையும் கட்டடங்களையும் பெருக்கின. 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' (1967) படத்துக்காகக் கென் அடம் அமைத்த எரிமலைக் கோட்டைக்கு மாத்திரம் ஏறத்தாழ பத்து இலட்சம் டொலர் செலவாயிற்று. அதாவது முதற்படம் முழுவதற்கும் ஆன செலவு. கோட்டை அற்புதமானதுதான். அதனுள் நடமாடும் மனிதர்களோ பொம்மைகள். கொனறியை யப்பானியராக வேடமிட்டுக் காட்டும் பகுதி இன்று பார்ப்போரைக் கூச்சமுறச் செய்வது. படம் 11 கோடி ஈட்டியது. கொனறி சலித்து விலகினார்.

முதலாவது திருப்பம் இங்கேதான் நிகழ்கின்றது. அதுவரை படத்தொகுப்பாளராக இருந்த பீற்றர் ஹண்ட் 1969இல் நெறியாளரானார். 'ஒன் ஹேர் மஜெஸ்டீஸ் சீக்ரெட் சேர்விஸ்', அதாவது 'மகாராணியாரின் இரகசிய சேவையில்', அவர் எடுத்த படம். பொண்டாக வந்தவர் ஜோர்ஜ் லேசன்பி என்னும் அவுஸ்திரேலியர். விளம்பரங்களில் தோன்றியவர், திரைப்பட நடிப்பனுபவம் இல்லாதவர். கருவிகள் ஒதுக்கப்பட்டன, திரைக்கதை பிளெமிங்கின் நாவலைப் பெரும்பாலும் பின்பற்றியது.

இப்படத்தில் ஒரு காட்சி தனித்து ஆராயத்தக்கது. சுவிற்சர்லாந்தின் மலையுச்சியிலிருந்து தப்பிய பொண்ட், நத்தார் களியாட்டம் நிகழும் கிராமமொன்றுக்குள் நுழைகின்றான். பகைவர் எல்லாப் பக்கங்களிலும் தேடுகின்றனர். பனிக்கரடி வேடமிட்ட ஒருவன் திடீரென முன்தோன்றிப் புகைப்படம் எடுக்க, பொண்ட் திடுக்குற்று நடுங்குகின்றான். பனிச்சறுக்கு அரங்கின் ஓரத்தில், சட்டைக் கழுத்தை உயர்த்தி முகத்தை மறைத்து, இனி ஓட இயலாதவனாகக் குந்தியிருக்கின்றான். அப்போது ஒரு சோடிச் சறுக்குக் காலணிகள் அவன் முன்னே வந்து நிற்கின்றன. நிமிர்ந்து பார்க்கின்றான்: டிறேசி. டயானா றிக் ஏற்ற இப்பாத்திரத்தை அவன் அந்தக் கணத்திலேயே உண்மையிற் காதலிக்கத் தொடங்குகின்றான் எனலாம். உலகைக் காப்பவன் இங்கு காப்பாற்றப்படுபவன் ஆகின்றான். கொனறியின் முகத்தில் இந்த அச்சத்தைக் கற்பனை செய்வது கடினம். லேசன்பியின் அனுபவமின்மையே இக்காட்சிக்கு வாய்த்த பலமாகின்றது.

முடிவு அனைவரும் அறிந்ததே. மணமக்கள் வழியோரத்தில் மலர்களை அகற்றுவதற்காகக் காரை நிறுத்துகின்றனர். கடந்து செல்லும் வாகனத்திலிருந்து குண்டுகள் பாய்கின்றன. இறந்துபோன மனைவியை அணைத்தபடி, அவள் இளைப்பாறுகின்றாள் என்று பொலிஸ்காரனிடம் கூறுகின்றான் கணவன். குண்டு துளைத்த கண்ணாடியிற் படம் நின்றுவிடுகின்றது. மேற்கூறிய மூன்று கேள்விகளுக்கும் இவ்வளவு திட்டமாக ஆம் எனக் கூறிய பொண்ட் படம் அதற்குமுன் வேறில்லை. குறைகள் இல்லாமலில்லை. டிறேசியை அடக்கியாளும் ஆணே அவளுக்குத் தேவை என்று தந்தையே கூறும் இடத்தில், படம் தான் போற்றவந்த பெண்ணைத் தானே தாழ்த்துகின்றது.

வசூல் முந்திய படத்தின் அளவை எட்டவில்லை. நட்டமடைந்த படமன்று அது. ஆனால் தோல்வி என்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. விமர்சகருட் பலர் லேசன்பி கொனறியல்லர் என்பதைக் கண்டுபிடித்துக் கூறுவதோடு தம் பணியை முடித்தனர். லேசன்பியும் படம் வெளிவருமுன்னரே விலகுவதென முடிவுசெய்து, தாடியோடும் நீள்முடியோடும் முதற்காட்சிக்கு வந்தார். இவற்றுள் எது வசூலைக் குறைத்தது? புதிய முகமா, துயர முடிவா, நீளமா, காலமாற்றமா? கணக்கேட்டின் எண் இதற்கு விடை சொல்வதில்லை. தயாரிப்பாளர்கள் அந்த எண்ணிலிருந்து ஒரு பாடத்தை வாசித்தனர்: மக்கள் கொனறியையும் களிப்பையும் விரும்புகின்றனர், துயரத்தை விரும்பவில்லை. கொனறிக்கு 12½ இலட்சம் டொலர் கொடுத்து மீட்டழைத்தனர். (அத்தொகையைக் கொண்டு அவர் ஸ்கொத்லாந்தில் கல்வி நிதியம் ஒன்றை நிறுவினார் என்பது வேறு கதை, ஒருவேளை அப்படத்தின் சிறந்த விளைவு அதுவே.) 1971இல் வெளிவந்த 'டயமண்ட்ஸ் ஆர் ஃபொர் எவர்' படத்தின் தொடக்கத்தில் பொண்ட், வில்லன் புளோபெல்டைத் தேடி அலைகின்றான். ஏன் தேடுகின்றான் என்பதைப் படம் சொல்வதில்லை. மனைவியின் பெயர் ஒரு தடவையேனும் உச்சரிக்கப்படுவதில்லை. சில நிமிடங்களில் வேட்டை முடிந்து, லாஸ் வேகாஸின் ஒளிவிளக்குகளும் சந்திர வாகனத் துரத்தலும் வந்துவிடுகின்றன. 11½ கோடி டொலர் வந்தது. ஒரு மனிதனின் துயரம், விற்கவில்லை என்பதற்காக, அவன் நினைவிலிருந்தே துடைக்கப்பட்டது. இப்படவரிசையின் வரலாற்றில் வசூல் தரத்தின்மீது நேரடியாகக் கைவைத்த இடம் இதுவாகும்.

எழுபதுகளின் பொண்ட் பிறர் விளக்கில் எண்ணெய் தேடியவன். றொஜர் மூரின் முதற்படமான 'லிவ் அன்ட் லெட் டை' (1973) கறுப்பினத்தாரை நாயகராகக் கொண்டு அக்காலத்தில் அமெரிக்காவிற் பெருகிய படங்களைப் பின்தொடர்ந்தது. ஆனால் அவர்களை வில்லர்களாக்கியே பின்தொடர்ந்தது. அடுத்தது புறூஸ் லீ தொடங்கிவைத்த அலையை நாடியது. 1977இல் 'த ஸ்பை ஹூ லவ்ட் மீ' படத்தின் இறுதியில், அடுத்து வருவது 'ஃபோர் யோர் ஐஸ் ஒன்லி' என்று அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே 'ஸ்டார் வோர்ஸ்' உலகைக் கலக்கவே, அறிவிப்பு கைவிடப்பட்டு 'மூன்றேக்கர்' (1979) விண்ணுக்கு ஏவப்பட்டது. வெனிஸ் நகரச் சதுக்கத்திலே தரையில் ஓடும் படகைக் கண்டு புறாவொன்று திகைத்துத் திரும்பிப் பார்ப்பதாகக் காட்டும் அளவுக்குப் படம் இறங்கியது. செலவு 3 கோடி 40 இலட்சம் டொலர்; வசூல் 21 கோடி. அத்தொகை 1995 வரை முறியடிக்கப்படவில்லை. மூரின் புன்னகைக்கு ஒரு கவர்ச்சி உண்டு என்பதை மறுக்கவேண்டியதில்லை. தான் ஒரு விளையாட்டில் இருப்பதை அறிந்த நடிகரின் புன்னகை அது. ஆனால் விளையாட்டில் எவரும் சாவதில்லை.

வியப்பு என்னவெனில், இப்பெருவெற்றியின் மறுகணமே இரண்டாவது திருப்பம் வந்ததாகும். கைவிடப்பட்ட 'ஃபோர் யோர் ஐஸ் ஒன்லி' 1981இல் எடுக்கப்பட்டது. நெறியாளர் ஜோன் கிளென். 1969இன் படத்திற் படத்தொகுப்பாளராக இருந்தவர். பொண்டின் நவீன கார் தொடக்கத்திலேயே வெடித்துச் சிதற, அவன் ஒரு சிறிய மஞ்சள்நிற சித்ரோவன் காரில், மலைப்பாதையில் உருண்டு புரண்டு தப்பவேண்டியதாகின்றது. திருப்பத்தின் நோக்கத்தை இதைவிடத் தெளிவாகக் கூற முடியாது. கிரேக்கத்தின் மெத்தேயோராப் பாறையில் ஒற்றைக் கயிற்றில் அவன் தொங்கும் காட்சியில் மீண்டும் உயிருக்கு விலை வந்தது.

எனினும் இத்திருப்பம் அரைமனத்தோடு செய்யப்பட்டதே. படம் டிறேசியின் கல்லறையில் தொடங்குகின்றது. பன்னிரண்டு ஆண்டுகளின்பின் கணவன் மலர்கள் வைக்கின்றான். அந்த மௌனம் ஒரு நிமிடம் நீடித்திருக்குமாயின்! ஹெலிகொப்டர் வருகின்றது, சக்கர நாற்காலியில் இருக்கும் மொட்டைத்தலை வில்லனை, அவன் கெஞ்சக் கெஞ்ச, ஆலைப் புகைபோக்கியினுள் போட்டுவிட்டுச் சிரிக்கின்றான் பொண்ட். துயரத்தை நினைவுகூர்ந்த அதே மூச்சில் அதனைப் பகிடியாக்கிவிடும் இத்தொடக்கம், மூன்றேக்கரின் பார்வையாளரை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்திற் பிறந்தது என்றே கொள்ளவேண்டியுள்ளது. 19½ கோடி வந்தது. மூன்றேக்கரிலும் சற்றுக் குறைவு. ஆனால் செலவும் குறைவு. தண்டிக்கவுமில்லை, கொண்டாடவுமில்லை. அதே மூர் இருந்தமையாற் பார்வையாளர் திருப்பத்தைக் கவனித்தாரோ என்பதே ஐயம். 1983இல் உதயப்பூரிற் படமாக்கப்பட்ட 'ஒக்டோபுசி' பாம்பாட்டிகளுக்கும் தீமிதிப்போருக்கும் திரும்பிவிட்டது. அதில் நடித்த சென்னை டெனிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், தெருச்சண்டையில் டெனிஸ் மட்டையால் அடிக்க, கூடிநின்ற கூட்டம் பந்தாட்டம் பார்ப்பதுபோல் இடமும் வலமும் தலையைத் திருப்புகின்றது. ஒரு நாட்டைப் பகிடிக்குரிய பின்திரையாக்கும் வேலையில் அந்நாட்டவரும் சிரித்த முகத்தோடு பங்குகொள்ள நேர்ந்ததை அப்படம் ஆவணப்படுத்துகின்றது எனலாம்.

திமொதி டோல்டன் காலத்தைச் சுருக்கமாகவே கூறலாம். பிளெமிங்கின் நாவல்களைக் கவனமாகப் படித்துவந்த இந்நடிகரின் கடுமை பாராட்டத்தக்கது. 'லைசன்ஸ் டு கில்' (1989) பழிவாங்கும் மனிதனொருவனின் கதையை நேர்மையோடு சொல்ல முயன்றது. ஆனால் அது தொலைக்காட்சித் தொடரொன்றின் வறண்ட ஒளியிற் படமாக்கப்பட்டது போலத் தோன்றுகின்றது. 'பற்மன்', 'இந்தியானா ஜோன்ஸ்' வரிசைப் படங்கள் வந்த அதே கோடையில் வெளியாகி, அமெரிக்காவில் 3½ கோடி டொலரோடு நின்றது. பின்னர் நிறுவன உரிமை வழக்குகளால் ஆறாண்டுகள் படமே இல்லை. அந்த இடைவெளியையும் டோல்டனின் கணக்கிலே எழுதியோர் உளர்.

பியர்ஸ் புறொஸ்னனின் நான்கு படங்களும் நல்ல வருவாய் தந்தவை. நாற்பதாண்டு நிறைவில் வந்த 'டை அனதர் டே' (2002) கண்ணுக்குப் புலப்படாத காரையும், கணினி வரைந்த பேரலையில் சறுக்கும் கதாநாயகனையும் கொண்டது. ஈட்டியது 43 கோடி. அதுகாறும் எந்தப் பொண்ட் படமும் ஈட்டாத தொகை. எண்ணை நம்புவோராயின் அவ்வழியே தொடர்ந்திருக்க வேண்டும். தயாரிப்புப் பொறுப்பில் இருந்த பார்பரா புறொக்கொலியும் மைக்கல் வில்சனும் அதற்கு மாறாக, மீண்டும் முதல் நாவலுக்கே திரும்பினர். இம்மூன்றாவது திருப்பமே 2006இன் 'கசினோ றோயல்'.

1969இல் இருந்த இடர்கள் அனைத்தும் இங்கும் இருந்தன. புதிய நடிகர்; அவருக்கெதிராக, பொன்னிற முடி என்பதற்காகவே, இணையத்தில் ஓர் இயக்கம்; கருவிகள் இல்லை; காதலி இறக்கும் முடிவு. மார்ட்டின் கம்பெல் நெறிப்படுத்திய இப்படத்தின் தொடக்கத்தில் டானியல் கிறெய்க் ஒருவனைக் கழிப்பறையிற் கொல்கின்றார். அது அழகான கொலையன்று. நேரமெடுக்கும், அசிங்கமான வேலை. பின்னர் மாடிப்படியில் இருவரைக் கொன்றபின், அதைக் கண்டு உறைந்துபோன வெஸ்பர் உடையோடு குளியலறை நீரின்கீழ் குந்தியிருக்க, அவனும் அருகே சென்று பேசாது அமர்கின்றான். பனிச்சறுக்கு அரங்கின் ஓரத்தில் 1969இல் நிகழ்ந்ததன் மறுபக்கம் இது. படம் ஏறத்தாழ 60 கோடி ஈட்டியது.

தரத்தாற் கிடைத்த வெற்றி என்று கூறி மகிழ்ந்துவிடலாமா? கூடாது. 1969இன் படமும் இதே தரத்தது, இதே துணிவுடையது. மாறியது காலம். நடிகர் மாறுவதைப் பார்வையாளர் நாற்பதாண்டுகளாகப் பழகியிருந்தனர். 2001 செப்டெம்பர் தாக்குதலின்பின், புலப்படாத கார்கள் குழந்தைத்தனமாகத் தோன்றின. 2002இல் வந்த 'போர்ன்' படம் காயப்படும் ஒற்றனுக்குக் கண்களைப் பழக்கிவிட்டிருந்தது. ஈராண்டின்பின் எழுத்தாளர் வேலைநிறுத்தத்தின் நடுவே, முழுமை பெறாத திரைக்கதையோடு எடுக்கப்பட்ட 'குவாண்டம் ஒஃப் சொலஸ்' படமும் 58 கோடிக்கு மேல் ஈட்டியதை இங்கு மறத்தலாகாது. அப்பணம் எந்தப் படத்துக்கு உரியது என்பது தண்டர்போல் கதையை நினைவிற் கொண்டோருக்கு விளங்கும்.

எண்களை அவற்றின் காலத்திலிருந்து பிடுங்கி ஒப்பிடுவதிலும் ஒரு மயக்கமுண்டு. 2012இல் வந்த 'ஸ்கைஃபோல்' 110 கோடி டொலர் ஈட்டி முதலிடம் பெற்றது. ஐம்பதாண்டு நிறைவு, இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் மகாராணியோடு பொண்ட் தோன்றியமை, றொஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவு ஆகிய எல்லாம் அவ்வெண்ணுள் அடங்கும். ஆனால் 1965இல் அமெரிக்காவில் ஒரு சீட்டின் சராசரி விலை ஒரு டொலர் அளவு. 2012இல் அது எட்டு டொலர் அளவு. தலைகளை எண்ணினால், அமெரிக்காவிலே ஸ்கைஃபோலைப் பார்த்தோரைவிடத் தண்டர்போலைப் பார்த்தோர் மிகப் பலர். விந்தை யாதெனில், இரண்டினுள் சிறந்த படம் எது என்று கேட்பின் அத்தலைகளுட் பலவும் ஸ்கைஃபோலின் பக்கமே சாயக்கூடும்.

ஆக, எண்ணை நம்ப மறுத்தவர்களே இவ்வரிசையைக் காத்தனர் எனலாம். 1979இலும் 2002இலும் அவ்வாறு மறுக்க முடிந்தமைக்குக் காரணம், முடிவெடுக்கும் உரிமை ஒரு குடும்பத்தின் கையில் இருந்தமையே. அக்குடும்பம் கலைத்தாகத்தால் மட்டும் இயங்கியது என்று கொள்ளவேண்டியதில்லை. சொத்தை நெடுங்காலம் வைத்திருக்க விரும்புவோன் நிலத்தை ஓராண்டு தரிசாக விடவும் துணிவான். 2025 பெப்ரவரியில் படைப்புரிமைக் கட்டுப்பாடு அமேசன் நிறுவனத்தின் கைக்கு மாறியது. எண்களைத் திரட்டுவதிலும் ஆராய்வதிலும் அந்நிறுவனத்துக்கு நிகர் எவருமில்லை.

கிறெய்க்கின் இறுதிப் படமான 'நோ டைம் டு டை', பெருந்தொற்றினால் ஒன்றரை ஆண்டு தாமதித்து 2021இல் வெளிவந்து 77 கோடி ஈட்டியது. பொண்ட் அதில் இறந்துவிடுகின்றான். அம்முடிவு பார்வையாளரை விலக்கியதா, ஈர்த்ததா, அன்றி நோயச்சமே வரவைத் தீர்மானித்ததா என்பதை அவ்வெண்ணிலிருந்து எவராலும் கூற முடியாது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது லூவி ஆம்ஸ்ரோங்கின் குரல் எழுகின்றது. 1969இன் படத்துக்காக, டிறேசியின் காதலுக்காக, அவர் பாடிய அதே பாடல். 1971இல் உச்சரிக்க அஞ்சிய பெயரின் பாடலை, உலகெங்கும் படமாளிகைகளிற் பலர் எழுந்து செல்லாமல் இருந்து கேட்டனர்.